பழைய மின்கிட்டார் ஒன்றின் நிறைகுறைகள்: வாங்குவதற்கு முன் உங்கள் கணிப்பைக் கேட்கிறேன்

மாயவரத்தான் (மயிலாடுதுறை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் நான்கு ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்து வருகிறேன். அதற்கு முன் அத்தையிடம் ஐந்து ஆண்டுகள் வீணை கற்றேன். அந்தப் பழக்கத்தால் ஃபிரெட் என்பதை மெட்டு என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது எனக்கு ஒரு மின்கிட்டார் தேவைப்படுகிறது. நாகப்பட்டினத்தில் ஒருவர் தாம் எட்டு ஆண்டுகள் வைத்திருந்த கிட்டாரை 14,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று நேரில் போய் இரண்டு மணி நேரம் வாசித்துப் பார்த்தேன்.

கிட்டார், ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தது. 22 மெட்டுகள் உள்ளன. தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டிலிருந்து, உடல்பக்கம் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தியின் நீளம் 25.5 அங்குலம். கழுத்துப் பக்கமும் நடுவிலும் ஒற்றைச் சுருள் பிக்அப்புகளும் (தந்தியின் அசைவை மின்னலையாக்கும் உறுப்புகள்), பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கரும் (இரட்டைச் சுருள் பிக்அப்), ஐந்து நிலைத் தேர்வு சுவிட்சும், சுருதியை ஏற்றி இறக்க உதவும், ஸ்பிரிங்கில் மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜும் இருக்கின்றன. எடை 3.4 கிலோ, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம்.

கழுத்துப் பிக்அப்பின் ஒலி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. வீணையின் மந்திர ஸ்தாயியில் கேட்கும் கனிவை அதில் ஓரளவு கேட்டேன். கழுத்தின் பின்புறம் கைக்கு இதமாக இருக்கிறது. ஆனால் தந்திகள் மிக உயரமாக நிற்கின்றன. முதல் மூன்று மெட்டுகளில் மெல்லிய தந்திகளின் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. ஒற்றைச் சுருள் நிலைகளில் ஒரு ரீங்காரம் ஓயாமல் கேட்கிறது. டோன் குமிழைத் திருகினால் கரகரக்கிறது. பிரிட்ஜில் சில திருகுகள் துருப்பிடித்துள்ளன. தந்தியை இழுத்துவிட்டு விட்டால் சுருதி உடனே திரும்புவதில்லை.

திருவிழாவில் திரைப்பாடல்களுக்கு வாசிக்கவும், வீட்டில் கர்நாடக இசையைக் கமகத்தோடு வாசித்துப் பழகவும் இதையே வைத்துக்கொள்ள விரும்புகிறேன். இந்தக் குறைகளில் எவை விலகக்கூடியவை, எவை கிட்டாரோடு கடைசி வரை இருக்கப்போகின்றவை என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

—

ஆறு தந்தி (தஞ்சாவூர்) எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. முப்பது ஆண்டுகளாகக் குழுக்களில் வாசித்தும், நண்பர்களின் கிட்டார்களைப் பழுதுபார்த்தும் வருகிறேன். நல்ல கிட்டாரைத் தந்தி உயரமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவர்களையும், கழுத்து முறுக்கிய கிட்டாரை ஒலி இனிமையாக இருக்கிறது என்று வாங்கி வந்து வருந்தியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஆம்ப்ளிஃபயரைத் தொடாதீர்கள். மின்கிட்டாராக இருந்தாலும் அதன் உடல்நிலையை வெறும் தந்தியொலியில்தான் அறிய முடியும். எதிரொலியும் டிஸ்டார்ஷனும் சேர்ந்துவிட்டால் செத்த ஸ்வரமும் உயிருள்ளதாகக் கேட்கும்.

கழுத்திலிருந்து தொடங்குங்கள். கிட்டாரின் அடிப்பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தலைப்பக்கம் நோக்கிக் கழுத்தின் இரு விளிம்புகளையும் பாருங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாகப் போனால் நல்லது. ஒரு விளிம்பு மேலேறி மற்றொன்று தாழ்ந்தால் கழுத்து முறுக்கியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுங்கள், ஏனென்றால் முறுக்கை நீக்கும் திருகு பெரும்பாலான கிட்டார்களில் கிடையாது. முன்பக்கமாகச் சற்று வளைந்திருப்பது வேறு. அதற்காகத்தான் கழுத்தின் உள்ளே டிரஸ் ராடு என்னும் எஃகுக் கம்பி ஓடுகிறது. தடித்த ஆறாம் தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது மெட்டுகளின் அருகே தந்திக்கும் மெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருந்தால் போதும். பைக் மெக்கானிக்குகள் வால்வு இடைவெளி பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் இதற்கு மிகவும் பொருத்தமான கருவி. ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போங்கள். இடைவெளி கூடுதலாக இருந்தால், விற்பவரின் அனுமதியோடு ராடின் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பாருங்கள். அது அசைந்து, இடைவெளியும் குறைந்தால் கழுத்து நம் சொல் கேட்கிறது. நட்டு ஏற்கெனவே முழுவதும் இறுக்கப்பட்டு, அதற்கு மேல் திரும்பாமல் நின்றால் அதுதான் பெரிய குறை.

தந்தி உயரம் என்று நீங்கள் எழுதியது அநேகமாகக் குறையே அல்ல. பன்னிரண்டாம் மெட்டில் ஆறாம் தந்தியின் கீழ் 2 மில்லிமீட்டரும் ஒன்றாம் தந்தியின் கீழ் 1.6 மில்லிமீட்டரும் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். கழுத்தைச் சரிசெய்த பிறகு பிரிட்ஜில் ஒவ்வொரு தந்தியையும் தாங்கும் சாடில்களின் திருகுகளை இறக்கினால் அந்த அளவுக்கு வந்துவிடும். ஆனால் அந்தத் திருகுகள் துருப்பிடித்திருக்கின்றன என்கிறீர்கள். அவற்றில் ஒன்றாவது திரும்பாமல் போனால், அந்தத் தந்தியின் உயரத்தையோ நீளத்தையோ மாற்ற முடியாது. ஆகவே உங்கள் பட்டியலில் கடைசியில் போகிற போக்கில் எழுதிய துருவைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மெட்டுப் பள்ளத்துக்கு வருகிறேன். பள்ளம் ஆழமில்லை என்றால் எல்லா மெட்டுகளையும் ஒரே மட்டத்துக்கு அராவி, தலைப்பை மீண்டும் உருட்டிவிடலாம். இதை ஒரு கிட்டாருக்கு ஓரிரு முறைதான் செய்ய முடியும். அதன்பின் மெட்டின் உயரமே போதாமல் போய், புது மெட்டுகள் அடிக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவு நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் கணிசமான பங்காகிவிடும். அதனால் பள்ளத்தின் ஆழத்தைப் போலவே, பள்ளத்தின் அடியில் இன்னும் எவ்வளவு மெட்டு மிஞ்சியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஏதேனும் ஒரு மெட்டு மட்டும் எழும்பி நிற்கிறதா என்று அறிய ஏடிஎம் அட்டையின் நேரான விளிம்பை மூன்று மெட்டுகளின் மேல் நிற்கவைத்து ஆட்டிப் பாருங்கள். நடு மெட்டு உயர்ந்திருந்தால் அட்டை ஊஞ்சல்போல் ஆடும்.

டோன் குமிழின் கரகரப்பு தூசியால் வருவது. கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருகினால் பெரும்பாலும் போய்விடும்.

—

கடலோரம் (வேளாங்கண்ணி) எழுதியது:

நாகையில் எட்டு ஆண்டுகள் இருந்த கிட்டார் என்றதும் எழுதத் தோன்றியது. தேவாலயப் பாடற்குழுவுக்காக இருபது ஆண்டுகளாக வாசிக்கிறேன். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. உப்புக்காற்று கண்ணில் படும் இடத்தைவிடக் கண்ணில் படாத இடத்தில்தான் அதிக வேலை செய்கிறது. பின்பக்க மூடியைக் கழற்றி ஸ்பிரிங்குகளையும், அவற்றைப் பிடித்திருக்கும் நகம்போன்ற தகட்டின் இரண்டு நீளத் திருகுகளையும் பாருங்கள். அங்கிருந்து பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி அந்தத் தகட்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பற்று துருவால் விட்டுப்போயிருந்தாலும் ரீங்காரம் கேட்கும்.

சாடில் திருகுகளுக்கு, துரு இளக்கும் எண்ணெயை ஊசி முனையால் ஒரு சொட்டு வைத்து, ஓர் இரவு விட்டு, மறுநாள் சரியான அளவு ஆலன் சாவியால் முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு அசைத்து, பிறகு தளர்த்துங்கள். தேய்ந்த சாவியைப் போட்டுத் திருகின் தலையை மழுக்கிவிட்டால் பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் மரத்தில் வழியாமல் கீழே துணி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை திருவிழா நடக்கும். அந்த நாட்களில் தினமும் வாசிப்பதால் வியர்வையும் உப்பும் சேர்ந்து, புதுத் தந்திகள்கூடச் சில நாட்களிலேயே சொரசொரப்பாகிவிடும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடைப்பது மட்டுமே எனக்குப் பலன் தந்திருக்கிறது.

—

ஒலிப்பலகை (திருவாரூர்) எழுதியது:

ரீங்காரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். திருவிழா மேடைகளில் ஒலியமைப்பு என் தொழில்.

ஒற்றைச் சுருள் பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றிய ஒரு சுருள். தந்தியின் அசைவை மின்னலையாக மாற்றும் அதே சுருள், அக்கம்பக்கத்து மின்மாற்றிகளும் வயரிங்கும் எழுப்பும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தையும் வாங்கிக்கொள்ளும். இது அந்தக் கிட்டாரின் குறையன்று, அந்த வகைப் பிக்அப்பின் இயல்பு. இதற்கு மாற்றாகத்தான் 1955-இல் கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்தார். இரண்டு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி, காந்த முனைகளையும் மாற்றி வைத்ததால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கிறது. தந்தியின் ஒலி கூடுகிறது. உங்கள் கிட்டாரிலும் சுவிட்சை ஒவ்வொரு நிலையாக மாற்றிக் கேளுங்கள். பிரிட்ஜ் ஹம்பக்கரில் இரைச்சல் அடங்கினால் வயரிங் பெரும்பாலும் சரி. கழுத்துப் பிக்அப்பும் நடுப் பிக்அப்பும் சேரும் நிலையிலும் அடங்கினால், நடுப் பிக்அப்பை எதிர்ச் சுற்றாகச் சுற்றியிருக்கிறார்கள். அது உங்களுக்குக் கூடுதல் வசதி.

இனி ஒரு சோதனை. தந்தியைத் தொடாமல் இருக்கும்போது கேட்கும் இரைச்சல், தொட்டவுடன் குறைந்தால் எர்த் கம்பி இணைந்திருக்கிறது. தொட்டவுடன் கூடினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. கிட்டாரின் உட்குழியில் செப்புத் தகடு ஒட்டினால் எல்லாம் தீரும் என்பார்கள். அது கரகரவென்ற மின்புல இரைச்சலைக் குறைக்குமே தவிர, மின்மாற்றியின் ஆழ்ந்த ரீங்காரத்தைத் தடுக்காது.

இதைத் தயவுசெய்து மனத்தில் வையுங்கள். கிராமத்து மேடையில் ஜெனரேட்டரில் வாசிக்கும்போது ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனைச் செருகியில் எர்த் முனையை ஒடித்துவிட்டுச் செருகுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கிட்டாரின் தந்திகள் அந்த எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் கசிவு இருந்து, நீங்கள் தந்தியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைத்தால் மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் போகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பது நம் மேடைகளில் வழக்கம். கிட்டாருக்குக் கொடுக்கும் பணத்தோடு ஒரு நல்ல எர்த் இணைப்புப் பெட்டிக்கும் கசிவுத் தடுப்பு சுவிட்சுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

பல குழுக்கள் கிட்டாரை நேராக மிக்சரில் செருகிவிட்டு, ஒலி சப்பென்று இருக்கிறது என்று கிட்டாரைக் குறை சொல்கின்றன. இத்தகைய பிக்அப்புக்கு 1 மெகா ஓம் அளவு மின்தடை உள்ள நுழைவாய் வேண்டும். மிக்சரின் சாதாரண லைன் நுழைவாய் அதைவிட மிகக் குறைவான தடை கொண்டது என்பதால் உச்ச ஒலிகள் அங்கேயே மங்கிவிடும். கிட்டாரின் ஒலியை மிக்சருக்கு ஏற்றவாறு மாற்றித் தரும் டிஐ பெட்டி ஒன்றை இடையில் வைத்துக் கேட்ட பிறகே பிக்அப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுங்கள்.

—

வீணைப் பட்டறை (தஞ்சாவூர்) எழுதியது:

கமகம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே எங்கள் தொழிலின் பக்கத்திலிருந்து சில சொற்கள். வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதிக்கிறோம். காலப்போக்கில் ஸ்வரம் விலகினால் மெழுகை எடுத்து மீண்டும் மெட்டு வைத்துக்கொள்ளலாம். கிட்டாரில் மெட்டு மரத்தில் அடித்து இறக்கப்பட்டது. அது செய்த இடத்திலேயே நிற்கும். எனவே வாங்கும்போதே ஒவ்வொரு தந்தியிலும் பன்னிரண்டாம் மெட்டின் மேல் விரலை லேசாக வைத்து எழுப்பும் ஒலியையும், அதே மெட்டை அழுத்தி எழுப்பும் ஸ்வரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது விரற்பலகையின் வளைவு. வீணையில் ஒரே மெட்டில் நின்று தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிடிக்கிறோம். கிட்டாரின் விரற்பலகை நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிகிறது. மெல்லிய தந்தியை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழுக்கும்போது, தந்தி தாழ்வாக இருந்தால் முன்னால் உள்ள மேடான மெட்டில் அது உரசி ஒலி அடங்கிவிடும். பழைய ஃபெண்டர் கிட்டார்களின் 7.25 அங்குல வளைவு ஆரத்தில் இது அதிகம். 12 அங்குலம் போன்ற தட்டையான பலகைகளில் குறைவு. விற்பவரிடம் ஆரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் தோடியின் காந்தாரத்தை இரண்டாம் தந்தியில் மூன்று நான்கு இடங்களில் அசைத்துப் பாருங்கள். அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே முழுதாக ஊசலாட வேண்டும். எங்காவது மூச்சு நின்றால் அந்த மெட்டு உங்கள் இசைக்கு உதவாது. கமகத்தை ஆம்ப்ளிஃபயர் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். உ. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினில்தான் அத்தனையும் வாசித்தார். கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாலின் தம் சக்தி இசைக்குழுவுக்காக மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்த கிட்டார் வைத்திருந்தார். விரல் மரத்தில் உரசாமல் தந்தியை அசைப்பதற்கான ஏற்பாடு அது.

உடல் என்ன மரம், விரற்பலகை என்ன மரம் என்று நீங்கள் எழுதவே இல்லையே. பண்ருட்டிப் பலாவா, வேறு பலாவா என்று தேடித்தான் நாங்கள் வீணை கடைகிறோம். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளில் கிடந்து முற்றிய ஆச்சா மரத்தைத்தான் தேடிப்போகிறார்கள். மரத்தைக் கேட்காமல் வாத்தியத்தை எப்படிக் கணிப்பது?

—

ஆறு தந்தி எழுதியது:

பட்டறைக்காரர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் கடைசிப் பத்தியில் வேறுபடுகிறேன். வீணையின் குடம் காற்றை அதிரச் செய்கிறது. நாகஸ்வரத்தில் மரமே குழலாக நிற்கிறது. திட உடல் மின்கிட்டாரில் பிக்அப் கேட்பது எஃகுத் தந்தியின் அசைவை. உடல் மரம் ஒலியை எவ்வளவு மாற்றுகிறது என்ற வழக்கு உலகெங்கும் தீராமல் இருக்கிறது. பிக்அப்பையும் தந்தியையும் ஸ்பீக்கரையும் மாற்றும்போது எனக்குக் கேட்ட வேறுபாட்டை உடல் மரம் மாறும்போது நான் கேட்டதில்லை. திருகு பிடிக்கும் உறுதி, எடை, ஈரத்துக்கு ஈடுகொடுப்பது ஆகிய மூன்றுக்காக மட்டும் மரத்தைக் கேட்பேன்.

விரற்பலகைக்கு ஒரு தகவல். தோதகத்தி இனங்களின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017 ஜனவரியில் கட்டுப்பாடு வந்தது. அதன்பின் பல நிறுவனங்கள் இந்தியன் லாரல் என்ற மரத்துக்கு மாறின. 2019 இறுதியில் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தும் அம்மரம் பல கிட்டார்களில் நிலைத்துவிட்டது. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நம் ஊர்க் கருமருதுதான். உறுதியில் ஒரு குறையும் இல்லை.

—

வீணைப் பட்டறை எழுதியது:

உடலைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். கழுத்தைப் பற்றி ஏற்க மாட்டேன். சில கிட்டார்களில் மூன்றாம் தந்தியில் ஐந்தாவது மெட்டிலிருந்து ஏழாவது மெட்டுக்குள் ஏதாவது ஒரு ஸ்வரம் மட்டும் மற்றவற்றைவிட விரைவில் அவிந்துபோகிறது. தந்தியை மாற்றினாலும் பிக்அப்பை மாற்றினாலும் அது போவதில்லை. அந்த ஸ்வரத்துக்குக் கழுத்து தானும் அதிர்ந்து தந்தியின் வலுவை வாங்கிக்கொள்கிறது. அது மரத்தின் வேலைதானே?

—

ஆறு தந்தி எழுதியது:

ஆம், அது உண்மை. அதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். தம்பி, எல்லா மெட்டுகளிலும் ஒரே அழுத்தத்தில் மீட்டி, ஒவ்வொரு ஸ்வரமும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவிந்த இடம் நீங்கள் அதிகம் நிற்கும் ஸ்வரத்தில் விழுந்தால் வாங்காதீர்கள்.

—

குடமுருட்டிக் கரை (பாபநாசம்) எழுதியது:

பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். சுருதி திரும்பாததைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. எல்லோரும் சுருதிச் சாவியைத்தான் சந்தேகிப்பார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் தலைப்பக்க நட்டில் தந்தி அமரும் பள்ளம்தான் காரணம். பள்ளம் குறுகலாக இருந்தால் இழுத்த தந்தி அங்கே சிக்கி நின்றுவிடும். சுருதி சேர்க்கும்போது டிக் என்று ஒரு சத்தம் வந்தால் அதுதான். பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்துப் பாருங்கள்.

மிதக்கும் பிரிட்ஜைப் பற்றியும் யோசியுங்கள். ஒரு தந்தியை இழுத்தால் ஸ்பிரிங் இடம் கொடுத்து மற்ற ஐந்து தந்திகளின் சுருதியும் இறங்கும். கமகத்தின் அடியில் ஸட்ஜத்தைத் திறந்த தந்தியில் ஒலிக்கவிட்டு வாசிக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய இடையூறு. பின்னால் உள்ள தகட்டின் திருகுகளை இறுக்கி, தேவையானால் இரண்டு ஸ்பிரிங் கூடுதலாக மாட்டி, பிரிட்ஜ் உடலோடு படியும்படி செய்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அதன்பின் ட்ரெமோலோவை மேலே தூக்கி வாசிக்க முடியாது, தாழ்த்தி வாசிக்கலாம்.

தந்தி கனத்தையும் கவனியுங்கள். 10-46 கட்டு (மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) மாட்டியிருந்தால் 9-42 கட்டுக்கு மாறுங்கள். இழுப்பதற்கு விரல் நோகாது. எடை 3.4 கிலோ என்பது இந்த வடிவத்துக்கு நடுத்தரமானது. இரவு முழுவதும் நின்று வாசிப்பவர்கள் அகலமான தோள்வார் வாங்கிக்கொள்வது நல்லது.

—

மாயவரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை மீண்டும் நாகைக்குப் போனேன். இந்த முறை ஃபீலர் கேஜ், ஆலன் சாவிகள், பென்சில், ஏடிஎம் அட்டை, கைப்பேசியில் டியூனர் ஆகியவற்றோடு போனேன். விற்பவர் பொறுமையானவர், மூன்று மணி நேரம் உட்கார இடம் கொடுத்தார்.

கழுத்தில் முறுக்கு இல்லை. எட்டாம் மெட்டில் இடைவெளி 0.60 மில்லிமீட்டர் இருந்தது. டிரஸ் ராடைக் கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவாக இறுக்கியதும் 0.40-க்கு வந்தது. ஆறாம் தந்தியின் உயரம் பன்னிரண்டாம் மெட்டில் 2.8 மில்லிமீட்டரிலிருந்து சற்றே குறைந்தது. பின்மூடியைக் கழற்றியபோது ஸ்பிரிங்குகளில் மேல்துரு மட்டும் இருந்தது. எர்த் பற்று உறுதியாக இருக்கிறது. தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைகிறது. ஹம்பக்கரிலும், கழுத்தும் நடுவும் சேரும் நிலையிலும் அது அடங்கிவிடுகிறது.

சாடில் திருகுகள் பன்னிரண்டில் பத்து திரும்பின. ஐந்தாம் தந்தியின் இரண்டு உயரத் திருகுகளும் அசையவில்லை. ஆறாம் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டின் ஸ்வரம் 12 சென்ட் (ஒரு சென்ட் என்பது அடுத்தடுத்த இரு மெட்டுகளுக்கு இடையிலான சுருதியில் நூறில் ஒரு பங்கு) கூடுதலாக இருந்தது.

அட்டையை வைத்துப் பார்த்ததில் பதினான்காம் மெட்டு சற்று எழும்பியிருக்கிறது. பள்ளங்களின் அடியில் மெட்டு போதிய அளவு மிஞ்சியிருப்பதாகத் தோன்றியது. நான் எடுத்த படங்களைத் திருச்சியில் மெட்டு வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினேன். ஒருமுறை அராவத் தாங்கும் என்றார். மூன்றாம் தந்தியில் ஆறாம் மெட்டின் ஸ்வரம் மற்றவற்றைவிட விரைவில் அவிகிறது. பட்டறைக்காரர் ஐயா சொல்லாவிட்டால் இதை நான் கவனித்தே இருக்க மாட்டேன். தோடியின் காந்தாரம் இரண்டாம் தந்தியில் எட்டாம் மெட்டில் முழுதாக அசைகிறது. பன்னிரண்டுக்கு மேல் அசைத்தால் உரசி நிற்கிறது.

—

ஆறு தந்தி எழுதியது:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். 12 சென்டைப் பற்றி இப்போதே கவலைப்பட வேண்டாம். உயரமான தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டுச் சுருதி ஏறும். முதலில் உயரத்தை இறக்குங்கள். அதன்பின்னும் கூடுதலாக இருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள். அசையாத சாடிலுக்கு எண்ணெய் வைத்துப் பார்க்கலாம். மசியவில்லை என்றால் அந்த ஒரு சாடிலை மட்டும் மாற்றினால் போதும். பழையதன் அகலத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு வாங்குங்கள், ஏனென்றால் எல்லாச் சாடில்களும் ஒரே அகலம் இல்லை.

பன்னிரண்டுக்கு மேல் உரசுவதற்கு எழும்பிய பதினான்காம் மெட்டே காரணமாக இருக்கலாம். அராவும்போது அது சரியாகும். ஆறாம் மெட்டின் அவிந்த ஸ்வரம் மட்டும் போகாது. மூன்றாம் தந்தியின் ஆறாம் மெட்டு உங்களுக்கு எந்த ஸ்வரம்?

—

மாயவரத்தான் எழுதியது:

நான் ஐந்தாம் தந்தியைத் திறந்து ஸட்ஜமாக வைத்துக்கொள்வேன். அந்தக் கணக்கில் ஆறாம் மெட்டு அந்தர காந்தாரத்தில் விழுகிறது. சங்கராபரணத்திலும் கல்யாணியிலும் நீண்டு நிற்க வேண்டிய இடம்.

—

வீணைப் பட்டறை எழுதியது:

அப்படியானால் அந்த ஸ்வரத்தை இரண்டாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலோ நான்காம் தந்தியின் பதினொன்றாம் மெட்டிலோ பிடித்துப் பாருங்கள். வீணையிலும் ஒரே ஸ்வரத்துக்கு வெவ்வேறு தந்திகளில் வெவ்வேறு குணம் இருக்கிறது. நாங்கள் விரலை மாற்றிக்கொள்கிறோம். அங்கே நன்றாக நின்றால் இதை ஒரு குறையாக மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், வாங்காமலிருக்கக் காரணமாக்க வேண்டாம்.

—

குடமுருட்டிக் கரை எழுதியது:

சாடில், மெட்டு அராவும் கூலி, புதுத் தந்தி ஆகியவற்றைக் கணக்கிட்டு அந்தத் தொகையை விலையில் குறைக்கக் கேளுங்கள். அளந்து வைத்திருக்கும் எண்களைக் காட்டிக் கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

—

மாயவரத்தான் எழுதியது:

நான்காம் தந்தியின் பதினொன்றாம் மெட்டில் காந்தாரம் நன்றாக நிற்கிறது. இரண்டாம் தந்தியில் இன்னும் தெளிவாக இருக்கிறது. எண்களை எழுதிய தாளையே விற்பவரிடம் காட்டினேன். 11,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். வாங்கிவிட்டேன்.

ராடை மறுநாள் இன்னும் சிறிது இறுக்கி, ஒரு நாள் விட்டு அளந்தபோது 0.25 மில்லிமீட்டரில் நின்றது. ஐந்தாம் தந்தியின் திருகுகளில் ஒன்று இரண்டு இரவு எண்ணெய்க்குப் பிறகு அசைந்தது. மற்றொன்று அசையவே இல்லை. புதுச் சாடில் போட்டேன். மெட்டுகளைத் திருச்சியில் அராவினார்கள். இப்போது பதினைந்தாம் மெட்டு வரை காந்தாரம் தடையின்றி அசைகிறது. பிரிட்ஜை உடலோடு படியவைத்துவிட்டேன். உயரத்தை 2 மில்லிமீட்டருக்கு இறக்கியதும் 12 சென்ட் 4 ஆகக் குறைந்தது. சாடிலைத் தள்ளியதும் மிச்சமும் தீர்ந்தது. ஒற்றைச் சுருள் ரீங்காரம் அப்படியே இருக்கிறது. சீரியல் விளக்குகள் தொங்கும் மேடையில் கழுத்தும் நடுவும் சேரும் நிலையிலும், வீட்டில் தனிக் கழுத்துப் பிக்அப்பிலும் வாசிக்கிறேன். குழுவின் ஆம்ப்ளிஃபயருக்குப் புது மூன்று முனைச் செருகி போட்டாயிற்று.

ஐப்பசி அடைமழையில் கழுத்து எவ்வளவு நகர்கிறது என்று வாரம் ஒருமுறை அளந்து இங்கேயே எழுதுகிறேன்.